அலாஸ்காக் கப்பற் பயணம்: முன்பதிவு செய்யுமுன் கவனிக்க வேண்டியவை

அண்மைக் காலமாக ரொறன்ரோ வாழ் எம்மவரின் கோடை விடுமுறைத் திட்டங்களில் அலாஸ்காக் கப்பற் பயணமும் இடம்பிடித்துவிட்டது. பிள்ளைகள் படித்து உத்தியோகம் பெற்றதும், பெற்றோரின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்கோ திருமண வெள்ளி விழாவுக்கோ தமக்குள் பணஞ் சேர்த்து, அம்மம்மா அப்பப்பா உட்பட முழுக் குடும்பத்தையும் கப்பலேற்றுகின்றனர். மகிழ்ச்சிக்குரிய விடயமே. ஆனால் விளம்பரத் தாளிலே கப்பலின் நீச்சற் குளமும் விருந்து மண்டபமும் தெரிகின்ற அளவுக்கு, பயணத்துக்குரிய ஆவணங்களும் காப்புறுதியும் தெரிவதில்லை. பிறந்தது முதற் கனடியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகள் எம்மவர் குடும்பங்களுக்குப் போதியனவல்ல. ஆகவே இந்தப் பயணத்தைப் பற்றி எமது நிலையிலிருந்து சற்று விரிவாக எழுத விரும்புகின்றோம்.

முதலில் ஆவணங்கள். எமது வீடுகளிலே ஒரே மேசையிலிருந்து உண்பவர்கள் நான்கு வகை ஆவணங்களோடு இருப்பார்கள். மகன் கனடியக் குடிமகன். மருமகள் இலங்கைக் கடவுச்சீட்டோடு நிரந்தர வதிவாளர். பெரியப்பா அகதியாக ஏற்கப்பட்டு, அகதிப் பயண ஆவணத்தோடு இருப்பவர். ஊரிலிருந்து வந்த அம்மம்மா சுப்பர் விசாவில் நிற்பவர். கப்பல் வன்கூவரில் புறப்பட்டு வன்கூவருக்கே திரும்பினாலும், இடையில் அது தரிக்கும் ஊர்களெல்லாம் அமெரிக்க மண். கனடியக் குடிமக்களுக்கு அமெரிக்க விசா வேண்டியதில்லை. மற்ற மூவருக்கும் வேண்டும். நிரந்தர வதிவாளர் அட்டை கனடாவுக்குள் மீண்டும் வருவதற்கான சான்றேயன்றி, அமெரிக்காவுக்குள் நுழைவதற்கான அனுமதி ஆகாது.

“கனடாவில் ஏறிக் கனடாவில் இறங்குகிறோம், கரையில் கால் வைக்காமல் கப்பலிலேயே இருந்துவிட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் பலர். வன்கூவரின் கனடா பிளேஸ் துறைமுகத்தில் அமெரிக்க அதிகாரிகள் கப்பலில் ஏறுமுன்னரே பரிசோதனையை முடித்துவிடுகின்றனர். அவர்களது மேசையைத் தாண்டியே கப்பலின் படிக்கட்டுக்குச் செல்லமுடியும். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் எழுவர் சென்று ஐவரே ஏறினர். விசா இல்லாத தாயாரைத் தனியே விடமுடியாமல் மகளும் பின்தங்கிவிட்டார். ஆவணம் இல்லாமையால் ஏறமுடியாமற் போனவருக்குக் கப்பல் நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. சாதாரண இரத்துக் காப்புறுதியும் இதற்கு உதவாது. எனவே விசா கைக்கு வந்தபின் முழுப் பணத்தையும் கட்டுவதே சரியான ஒழுங்கு. நேர்முகத்துக்கு நாள் கிடைப்பதற்கே பல மாதங்கள் செல்லக்கூடும் என்பதால், அடுத்த கோடைக்கு உரிய வேலையை முந்திய கோடையிலேயே தொடங்கவேண்டும். விண்ணப்பத்தில் எழுதுவது, முன்னர் கனடாவில் அகதி விசாரணையிற் சொன்னவற்றுக்கு முரண்படாதிருக்க வேண்டும். இரு நாடுகளும் குடிவரவுத் தகவல்களைப் பரிமாறிக்கொள்கின்றன.

இனி எல்லாவற்றிலும் பாரதூரமான விடயம் ஒன்று. கப்பற் பயணத்துக்கென்று, காலாவதியான இலங்கைக் கடவுச்சீட்டைத் தூதரகத்திற் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இருக்கின்றனர். அகதிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிப்பதிலும் பார்க்க அது இலகுவாக அவர்களுக்குத் தோன்றுகின்றது. கனடாவில் 2012 இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அகதியாக ஏற்கப்பட்ட ஒருவர் தாம் தப்பிவந்த நாட்டின் கடவுச்சீட்டைப் பெற்றாலோ, அதிற் பயணஞ் செய்தாலோ, அந்த நாட்டின் பாதுகாப்பைத் தாமாகவே மீண்டும் நாடியவர் என்று கருதப்பட இடமுண்டு. அவ்வாறு அகதி நிலை நீக்கப்படுமாயின், அதன் வழியாகப் பெற்ற நிரந்தர வதிவுரிமையும் கூடவே போய்விடும். இருபது வருடம் இங்கு வாழ்ந்து வரி செலுத்தியிருந்தாலும், குடியுரிமை பெறாதவரையில் இந்த ஆபத்து நீங்குவதில்லை. குடியுரிமை பெற்றுவிட்டவர்களை இது தொடாது. ஏழு நாட் கடற்காற்றுக்காக ஒருவர் தமது வாழ்வின் அத்திவாரத்தை அசைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஏற்கெனவே புதுப்பித்துவிட்டவர்கள், பயண முகவரிடம் போகுமுன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் போகவேண்டும். அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாதவர்கள் கனடாவை விட்டு வெளியேறுவதையே நினைக்கலாகாது. கப்பலும் வெளியேற்றமே.

பெயர் விடயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகின்றோம். எமது வழக்கப்படி தந்தையின் பெயரே குடும்பப் பெயராக வருவதால், தாய்க்கும் பிள்ளைக்கும் கடவுச்சீட்டிற் பெயர் ஒத்துவராது. அதிகாரிக்கு அது புதிராக இருக்கும். தாயோ தந்தையோ ஒருவர் மாத்திரம் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வதாயின், மற்றவரின் ஒப்பமிட்ட சம்மதக் கடிதமும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். முன்பதிவின்போது பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுத்துக்கு எழுத்துக் கொடுக்கவேண்டும். வீட்டுப் பெயர், முதலெழுத்துச் சுருக்கம் ஒன்றும் உதவாது.

வன்கூவரா, சியாட்டிலா?

அலாஸ்காக் கப்பல்கள் சித்திரைக் கடைசியிலிருந்து ஐப்பசி நடுப்பகுதி வரை ஓடுகின்றன. வன்கூவரிலிருந்தும் அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்தும் ஏழு இரவுப் பயணங்கள் புறப்படுகின்றன. சியாட்டிற் கப்பல்களின் கட்டணம் சில வேளைகளிற் குறைவாயிருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் வன்கூவர்த் தீவுக்கு வெளியே திறந்த கடலில் ஓடுபவை. வன்கூவர்க் கப்பல்களோ தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட அமைதியான நீரில் ஓடுபவை. கடல் ஒத்துக்கொள்ளாத முதியோருடன் செல்பவர்கள் இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். வன்கூவர்க் கப்பலும் சில மணிநேரம் திறந்த கடலைக் கடந்தே தீரும். எனினும் அது பெரும்பாலும் இரவு நித்திரையோடு கழிந்துவிடும்.

சியாட்டிற் கப்பல்கள் திரும்பும் வழியிற் சில மணி நேரத்துக்கு விக்ரோரியாவில் தரிப்பதற்கு ஒரு காரணமுண்டு. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறியவரை வெளிநாட்டுக் கப்பல் ஒன்று அந்நியத் துறை எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகத்திலேயே இறக்குவதை 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று தடுக்கின்றது. அந்தச் சட்டத்தை நிறைவேற்றவே இந்த மாலை நேரத் தரிப்பு. விக்ரோரியாவுக்கு அண்மையிலுள்ள எஸ்குவைமோல்ற் கடற்படைத் தளத்துக்குத்தான் 2010 ஆவணியில் ‘சன் சீ’ கப்பல் எம்மவர் 492 பேரோடு கொண்டுவரப்பட்டது. அதில் வந்தவர்கள் கண்ட விக்ரோரியா வேறு; பூக்கூடைகள் தொங்கும் தெருக்களில் உலாவரும் பயணிகள் காண்பது வேறு.

முதல் நாளே போய்ச் சேர்க

ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு ஏறக்குறைய ஐந்து மணிநேர விமானப் பயணம். நேர வித்தியாசம் மூன்று மணி எமக்குச் சாதகமாக இருப்பதால், அன்று காலை புறப்பட்டு அன்று மாலை கப்பலேறிவிடலாம் என்று கணக்குப் போடுவோர் உளர். விமானம் தாமதமானால் கப்பல் காத்திராது. தனித்தனியாக ரிக்கற் வாங்கியவருக்கு எவரும் பொறுப்பேற்பதுமில்லை. முதல் நாள் சென்று ஓரிரவு தங்குவதே புத்தி.

எங்கே தங்குவது? துறைமுகத்தின் மேலேயே அமைந்த ஹொட்டேலும் அதைச் சூழவுள்ளவையும் கோடையில் விலை மிக அதிகம். விமான நிலையத்துக்கு அருகில் உள்ள றிச்மண்ட் நகரில் விலை குறைவு. சோறும் கறியும் கிடைக்கும். 2009இல் ஆரம்பிக்கப்பட்ட ‘கனடா லைன்’ ரயில் விமான நிலையத்திலிருந்து றிச்மண்ட் பக்கமாகவும் நகர மையத்துக்கும் ஓடுகின்றது. விமான நிலையத்திலிருந்து கடைசி நிலையமான வோட்டர்பிரண்டுக்கு அரை மணிநேரத்துக்கும் குறைவே. அங்கிருந்து கனடா பிளேஸ் நடை தூரம். ஆளுக்கு ஒரு பெட்டியோடு செல்லும் குடும்பத்துக்கு ரக்ஸிச் செலவு மிச்சம். நான்கைந்து பெரிய பெட்டிகளும் சக்கர நாற்காலியுமாயின் வானொன்றை ஒழுங்கு செய்வதே நல்லது. சறேயிலோ பேர்னபியிலோ உறவினர் வீடு இருப்பவர்களுக்கு ஹொட்டேல் தேவைப்படாது. ஆனால் காலை நேர வாகன நெரிசலை உத்தேசித்து, விருந்தோம்பலைக் காலைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுமாறு வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். புட்டும் மீன்குழம்பும் ஆக்கி முடியுமட்டும் கப்பல் நிற்காது.

வாகனத் தரிப்பிடத்தைப் பொறுத்தவரை, ரொறன்ரோ வாசிகளுக்கு வேண்டியது பியர்சன் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள தனியார் தரிப்பிடங்களே. ஒன்பது நாட் கட்டணத்தை, போக வர இரண்டு ரக்ஸிகளுக்கு ஆகும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாழ்பவர்கள் கனடா பிளேஸின் கீழேயே வாகனத்தை விடலாம். முன்பதிவு செய்யாமற் செல்லக்கூடாது. விமான நிலையப் பகுதி ஹொட்டேல்கள் சில, ஓரிரவு தங்குபவர் பயணம் முடியும்வரை வாகனத்தை அங்கேயே விட்டுச் செல்ல இடங்கொடுக்கின்றன. அது பெரும்பாலும் மலிவாக முடியும்.

முதல் நாள் மாலை ஓய்வாக இருந்தால், துறைமுகத்திலிருந்து கரையோரமாகச் சில நிமிடம் நடந்து கோல் ஹாபரில் உள்ள ‘கோமகாட்டா மாரு’ நினைவுச் சின்னத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1914 வைகாசியில் 376 பயணிகளோடு வந்த அந்தக் கப்பல் இதே குடாவில் இரண்டு மாதம் தடுத்து வைக்கப்பட்டது. பெரும்பாலும் பஞ்சாபிச் சீக்கியரான அவர்களிற் சிலரைத் தவிர ஏனையோர் ஆடி 23ஆம் நாள் திருப்பி அனுப்பப்பட்டனர். இதற்காகக் கனடியப் பிரதமர் 2016இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உல்லாசக் கப்பலில் ஏறுவதற்கு முதல் நாள் இதைக் காட்டுவது பொருத்தமோ என்று சிலர் கேட்கக்கூடும். எமது பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை என்பது எம் எண்ணம்.

விளம்பரத்திற் காணும் கட்டணம் ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்குரியது. துறைமுக வரிகள் வேறு. பணியாளருக்கான அன்பளிப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 அமெரிக்க டொலர் வரை கணக்கிற் சேர்க்கப்படும். நால்வர் ஏழு நாளுக்குச் செல்ல, இதுமட்டும் 420 டொலருக்குக் குறையாது. யன்னல் இல்லாத உள்ளறை மலிவானது. நாளெல்லாம் மேற்றளத்தில் நிற்கும் இளையோருக்கு அது போதும். வெளியே நடமாட இயலாத முதியோருக்கு மாத்திரம் பால்கனி உள்ள அறை எடுத்துக்கொடுத்தால் செலவுக்குப் பொருளுண்டு. கடலில் நிற்கும்போது கைத்தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றிவிடவேண்டும். மறந்தால் மாதக் கட்டணத்தைக் கண்டு மயக்கம் வரும்.

முதியோரோடு செல்வோர்க்கு

கப்பலின் மருத்துவரிடம் காட்டினால் அமெரிக்க விலையிற் கட்டணம் அறவிடப்படும். நாட்டுக்கு வெளியே ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி வைத்தியசாலையில் தங்குவதற்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 டொலரே தருகின்றது. கப்பலிலிருந்து விமான மூலம் நோயாளியைக் கொண்டுவரும் செலவோ பல்லாயிரம் டொலர். ஆகவே பயணக் காப்புறுதி தவிர்க்கமுடியாதது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் எதையும் மறைக்காமற் சொல்லியே அதை வாங்கவேண்டும். அண்மையில் மருந்தின் அளவை மாற்றியிருந்தாற்கூட, ‘நிலையான உடல்நிலை’ என்ற நிபந்தனையைக் காட்டிப் பணம் தர மறுக்கலாம். சுப்பர் விசாவில் நிற்பவர்களின் காப்புறுதி கனடாவுக்குள் மாத்திரமா செல்லும், வெளியிலும் செல்லுமா என்பதை எழுத்திற் கேட்டுப் பெறுங்கள். மருந்துகளும் கடவுச்சீட்டும் கைப்பையிலேயே இருக்கவேண்டும். பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேர இரவாகலாம்.

இன்னொன்று, விளம்பரத் தாள் எதிலும் காணாதது. கப்பல் புறப்படுமுன் ஆபத்துக்காலப் பயிற்சி நடைபெறும். அப்போது ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியுமாகச் சங்கு ஊதப்படும். ஷெல்லடிக்கும் விமானக் குண்டு வீச்சுக்கும் பதுங்கு குழியில் இருந்தவர்களுக்கு இந்த ஓசை வேறு எதையோ நினைவூட்டும். படகிற் கடல் கடந்து உயிர் தப்பியவர்கள் இரவில் நீரைப் பார்க்கவே விரும்பாதிருக்கலாம். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும், முதலில் அவர்கள் இந்தப் பயணத்தை உண்மையில் விரும்புகின்றனரா என்று கேட்பதும் பிள்ளைகளின் கடமை. பிள்ளைகளின் ஆசைக்காக ‘ஓம்’ சொல்லும் பெற்றோர் எமது சமூகத்திற் குறைவல்லர்.

உணவைப் பற்றி வீண் அச்சம் வேண்டாம். பெரிய கப்பல்களிற் சமையலறையிலும் பரிமாறுவோரிலும் இந்தியர் பலர் பணிபுரிகின்றனர். சைவ உணவு வேண்டுமென முன்பதிவிலேயே குறித்து, முதல் இரவே மேற்பார்வையாளரிடமும் சொன்னால் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி கிடைத்துவிடும். சோற்றுக் குக்கர், மின்கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி ஆகியவற்றைக் கொண்டு செல்லவேண்டாம். பரிசோதனையிலேயே எடுத்து வைத்துவிடுவர். சாம்பிராணி, கற்பூரம், மெழுகுதிரி ஆகியவற்றுக்கும் தீ அபாயம் காரணமாகத் தடையுண்டு. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் அம்மாமார் ஒரு வாரம் திருநீற்றோடும் தேவாரத்தோடும் அமையவேண்டியதுதான். பழங்களையும் இறைச்சியையும் அமெரிக்க அதிகாரிகள் அனுமதியார். கடையில் வாங்கிய, மூடி உடைக்காத ஊறுகாய்ப் போத்தலுக்குத் தடையில்லை.

கரையில்

அலாஸ்கா நேரம் வன்கூவர் நேரத்திலிருந்து ஒரு மணி பின்தங்கியது. கைக்கடிகாரத்தைக் கப்பலின் நேரத்துக்கே வைத்துக்கொள்ளவேண்டும். கரைச் சுற்றுலாவைக் கப்பல் மூலமும் வாங்கலாம், ஊரிலுள்ள நிறுவனங்களிடம் நேரே குறைந்த விலைக்கும் வாங்கலாம். கப்பலின் சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்திருக்கும். தாமாகச் சென்றவருக்குக் காத்திராது. தலைநகரான ஜூனோவிலே இதன் பொருள் தெளிவாக விளங்கும். அந்த நகரை வெளியுலகோடு இணைக்கும் தெரு எதுவும் இல்லை. கப்பலைத் தவறவிட்டவர் விமானத்திலோ படகிலோதான் புறப்படவேண்டும். எமது ஆலோசனை: துறைமுகத்திலிருந்து தொலைவில் உள்ளவற்றையும் நேரங் கூடியவற்றையும் கப்பல் மூலமும், நடை தூரத்தில் உள்ளவற்றைத் தாமாகவும் பாருங்கள்.

ஜூனோவில் மெண்டன்ஹால் பனிக்கட்டியாறு நகரிலிருந்து ஏறக்குறைய 12 மைல். புவியியற் பாடத்தில் கரும்பலகையிற் சுண்ணக்கட்டியால் நாம் கீறிக் காட்டிய மொறேன் மேடுகளையும் பனி அரித்த பாறைகளையும் அங்கே கண்ணாற் காணலாம். அருகிலுள்ள நகெற் அருவிக்கு ஒரு மைல் அளவிலான மட்டமான பாதை உண்டு. ஹெலிகொப்ரரிற் பனியின்மேல் இறங்கும் சுற்றுலா, விலையைப் பார்த்தால் நால்வர் குடும்பத்துக்கு இன்னொரு கப்பற் பயணம்.

ஸ்காக்வேயில் மலை ரயில். 1898இல் தங்கம் தேடி ஓடியவர்களுக்காகத் தொடங்கி 1900இல் முடித்த ஒடுங்கிய பாதை. துறையிலிருந்து 20 மைலில் 2,865 அடி ஏறுகின்றது. உச்சிவரை சென்று இறங்காமலே திரும்பும் பயணம் ஒன்று. எல்லை கடந்து கனடாவின் ஃபிரேசருக்கோ கார்க்றொஸுக்கோ செல்வது இன்னொன்று. இரண்டாவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். திரும்பும்போது அமெரிக்காவுக்குள் மீண்டும் நுழையவும் வேண்டும். விசாவில் ஒரே நுழைவு என்று குறிக்கப்பட்டிருப்பவர்கள் முதலாவதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

கெச்சிக்கனில் ஆண்டுக்கு 150 அங்குலமளவு மழை. யாழ்ப்பாணத்து மழையின் ஏறக்குறைய மூன்று மடங்கு. மழை அங்கி அவசியம். ரொறன்ரோவின் மாரிக்காலப் பெருஞ்சட்டை தேவையில்லை. ஆதிக்குடிகளின் குலமரபுத் தூண்களை இங்கே காணலாம்.

பெரிய கப்பல்கள் உள்ளே சென்று சுற்றித் திரும்பும் கிளேசியர் குடாவில் எவரும் கரையிறங்குவதில்லை. பூங்கா அதிகாரிகள் படகில் வந்து கப்பலில் ஏறி விளக்கஞ் சொல்வர். ஜோர்ஜ் வன்கூவரின் ஆட்கள் 1794இல் வந்தபோது இந்தக் குடா முழுவதும் பனியாய் இருந்தது. ஜோன் மியூர் 1879இல் வந்தபோது பனி நாற்பது மைலுக்கு மேற் பின்வாங்கியிருந்தது. அதற்கும் முந்திய கதையை ஒலிபெருக்கியிற் சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள். ஹூனா திளிங்கிற் மக்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஊர்கட்டி வாழ்ந்தவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பனி முன்னேறி வந்து அவர்களது வீடுகளை விழுங்கிற்று. அவர்கள் இடம்பெயர்ந்து நீரிணையின் மறு கரையில் ஹூனா என்ற ஊரை அமைத்தார்கள். பனி பின்வாங்கிய பின்னரோ அந்த நிலம் அரசின் பூங்காவாகிவிட்டது. 2016இலேதான், பூர்வீக மண்ணில் அவர்களுக்கென ஒரு குல மண்டபம் திறக்கப்பட்டது. சொந்த ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இதன் விளக்கம் வேண்டியதில்லை.

ஹூனாவிலே 1912இற் கட்டிய பழைய மீன் பதனிடும் ஆலையை அம்மக்களின் கூட்டு நிறுவனமே கப்பற் துறையாக மாற்றி, 2004 முதல் நடத்திவருகின்றது. பயண நிரலில் ஐசி ஸ்ரெயிற் பொயின்ற் என்று இருப்பது அந்த இடமே. இரண்டு கப்பல்களின் கட்டணமும் ஒத்திருந்தால், அங்கே தரிக்கும் கப்பலைத் தெரிவுசெய்யுமாறு சொல்வோம். சுற்றுலாப் பணம் அங்கே ஊர்க்காரரின் கைக்குச் செல்கின்றது; திமிங்கிலமும் கரைக்கு அண்மையிலேயே வருகின்றது.

திரும்பும் நாள் கப்பல் விடியற்காலையில் வன்கூவரை அடையும். பெட்டிகளை முதல் இரவே அறை வாசலில் வைத்துவிடவேண்டும் என்பதால், காலை உடுப்பையும் நிரந்தர வதிவாளர் அட்டையையும் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். கனடியக் குடிவரவு வரிசை, பெட்டி எடுக்கும் வரிசை, வாகனத்துக்கு வரிசை என்று மூன்றும் முடிய ஒன்பது பத்து மணியாகலாம். ரொறன்ரோ விமானத்தைப் பிற்பகல் ஒரு மணிக்குப் பின்னரே பதிவுசெய்க.